பக்கத்து மனையில் மெக்கானிக் ஷெட்: யார் அனுமதி தர வேண்டும், யாரிடம் கேட்கலாம்?

குடியிருப்புத் தெருவுக்குள் ஒரு மெக்கானிக் ஷெட் வருவது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. காலியாகக் கிடந்த மனையில் நாலு இரும்புத் தூண் நிற்கும். மேலே தகரம் ஏறும். 'கார் நிறுத்தப் போறாங்க போல' என்று தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் கம்ப்ரஸர் வந்து இறங்கும். அடுத்த வாரம் 'டிங்கரிங், பெயிண்டிங், வாட்டர் சர்வீஸ்' என்று பிளெக்ஸ் தொங்கும். அதன் பிறகுதான் கேள்வி கிளம்புகிறது: இதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?

கேள்வி சரியானதுதான். ஆனால், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் அல்ல. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்வது ஒரு அலுவலகம். அங்கே தொழில் நடத்த உரிமம் தருவது இன்னொன்று. கழிவும் காற்றும் மூன்றாவது அலுவலகத்தின் பொறுப்பு. தெருவில் நிற்கும் வண்டிகள் போலீஸ் கணக்கு. இந்த நாலு பேருக்கும் நடுவில் மனு சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் பல தெருக்களில் பிரச்சினை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

'லைசென்ஸ் இருக்கு சார்' என்றால் எந்த லைசென்ஸ்?

கேட்கப் போனால் கடைக்காரர் ஒரு கோப்பை நீட்டுவார். அதில் ஜிஎஸ்டி பதிவு இருக்கும். சிறு, குறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கும். சொத்து வரி ரசீது, மின்வாரியத்தின் வணிக இணைப்பு அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருக்கலாம். பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். தெருக்காரர்களும் 'கவர்மென்ட்டே குடுத்துருச்சுப்பா' என்று திரும்பிவிடுவார்கள்.

இந்தக் காகிதங்களில் ஒன்றுகூட நிலப் பயன்பாட்டு அனுமதி கிடையாது. ஜிஎஸ்டி என்பது வரி கட்டுவதற்கான எண். உத்யம், தொழில்முனைவோர் தானே இணையத்தில் செய்துகொள்ளும் பதிவு. மின்வாரியத்தில் வீட்டு இணைப்புக்கான கட்டண வகையில் இருந்து வணிக வகைக்கு மாறியிருக்கிறார் என்றால், கூடுதல் கட்டணம் கட்டுகிறார் என்று மட்டுமே பொருள். சொத்து வரியை வணிக விகிதத்தில் கட்டினாலும் அதேதான். வரி வாங்கினதாலேயே அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று ஆகிவிடாது.

கேட்க வேண்டியது வேறு மூன்று காகிதங்கள். ஒன்று, அந்த இடத்தில் இந்தப் பயன்பாட்டுக்கான திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும். இரண்டு, மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம். மூன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. மூன்றும் இருந்தால் சண்டை வேறு மாதிரி. நிபந்தனைகள் மீறப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் மனுவை அதிலிருந்து தொடங்கலாம்.

அந்த நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது?

மதராஸ் மாகாணத்தில் நகரமைப்புக்கென்று தனிச் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ, மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழ் உள்ள திட்டக் குழுமங்களும் இந்தச் சட்டப்படி செயல்படுகின்றன. கட்டடங்களுக்கான விதிகளைப் பொறுத்தவரை 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் மாநிலம் முழுவதற்கும் பொது.

சென்னைக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அது ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஏதோ ஒரு வகையில் அடைத்து வைத்திருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று பட்டியல் நீள்கிறது. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். எந்த வண்ணத்தில் என்னென்ன செய்யலாம், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வரை வைக்கலாம் என்பதெல்லாம் விதிகளில் வகை வகையாக இருக்கிறது.

இங்கே பல பேர் ஏமாறும் ஒரு இடம் உண்டு. 'குடியிருப்புப் பகுதி' என்று நாம் சொல்வதும் வரைபடம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தெரு முழுக்க வீடுகளாக இருக்கலாம். திட்டத்தில் அது கலப்புக் குடியிருப்பாகவோ, ஏன், தொழில் பகுதியாகவோகூட இருக்கலாம். அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டி வளர்ந்த நகர்களில் வீடு வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. அதை ஒட்டிப் பின்னால் வீடு கட்டிக்கொண்டு வந்தவர், 'பட்டறை ஏன் இங்கே இருக்கு?' என்று கேட்டால் பட்டறைக்காரர் சிரிப்பார்.

ஆகவே முதல் வேலை, மனு எழுதுவது அல்ல. சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பது. பட்டா விவரத்தை அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். சென்னைப் பெருநகரில் சர்வே எண்ணைக் கொடுத்து நில வகைப்பாட்டைப் பார்க்கும் வசதி சிஎம்டிஏ இணையதளத்தில் இருக்கிறது. வெளியூர் என்றால் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கேட்க வேண்டும். கிடைக்கவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு விண்ணப்பம் போடலாம்; பதிலுக்கு 30 நாள் கெடு. 'இந்த சர்வே எண்ணுக்கு வழங்கப்பட்ட திட்ட அனுமதி, கட்டட அனுமதி, தொழில் உரிமம் ஆகியவற்றின் நகல்' என்று கேட்டால் போதும். 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டடமே கட்டாமல், இருக்கிற வீட்டின் கார் ஷெட்டையே பட்டறையாக மாற்றினால்? அதற்கும் அனுமதி வேண்டும். 1971 சட்டத்தில் 'வளர்ச்சி' என்ற சொல் செங்கல் வைப்பதை மட்டும் குறிக்கவில்லை. கட்டடத்திலோ நிலத்திலோ செய்யப்படும் குறிப்பிடத்தக்க மாற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதி இல்லாமல் பயன்பாட்டை மாற்றினால் 56-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்த 57-வது பிரிவு இருக்கிறது. தகரம் ஏறும்போதே புகார் கொடுப்பவருக்கும், ஒரு வருடம் கழித்துக் கொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம்மிடம் கேட்காமலேயே அனுமதி கொடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு இடத்தின் மண்டல வகைக்கு விலக்கு கேட்டால், சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களுக்குத் தபால் போகும். ஒரு மாலை நேரத்தில் ஊர் மன்றத்தில் விசாரணை நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இங்கே சாதாரணத் திட்ட அனுமதியைப் பரிசீலிக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தனித்தனியே நோட்டீஸ் அனுப்பும் நடைமுறை இல்லை. நிலத்தின் வகைப்பாட்டையே, உதாரணமாகக் குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு, மாற்றக் கேட்கும்போது மட்டும் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபனை கேட்கிறார்கள். கட்டம் போட்டு, சர்வே எண்களும் கிராமத்தின் பெயருமாகப் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பைத் தெருவில் யாராவது ஒருவர் படித்தால் உண்டு. குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுத்திருந்தால்தான் பின்னால் 'எங்களைக் கேட்கவே இல்லை' என்று சொல்வதற்கு வலு இருக்கும்.

தொழில் உரிமத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்துக்கும் பொதுவான சட்டமும் விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் சென்னை மாநகராட்சி 1919-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது. பழையதோ புதியதோ, நடைமுறையில் உரிமம் கொடுக்கும் பிரிவும் நில வகைப்பாட்டைப் பார்க்கும் பிரிவும் வேறு வேறு மேஜைகள்.

இதில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் வீட்டு மனை என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் கடைகள் கட்டப்பட்ட வழக்கு அது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, கடைகளை இடிக்கச் சொன்ன உத்தரவை உறுதிசெய்ததோடு நிற்கவில்லை. நாடு முழுவதற்கும் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. அனுமதியற்ற கட்டடத்தில் எந்த வணிகத்துக்கும் உரிமம் தரக் கூடாது. கட்டுமானமும் பயன்பாடும் மண்டலத் திட்டத்துக்கு இணங்க இருக்க வேண்டும். திட்டத்தை மாற்றுவதென்றால் விதிகளைப் பின்பற்றி, பொதுநலனையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கில் கொண்டே மாற்ற வேண்டும் என்றது. உரிமப் பிரிவுக்கு எழுதும் மனுவில் இந்தத் தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டால், 'அது எங்க வேலை இல்லை, சிஎம்டிஏவைக் கேளுங்க' என்று தட்டிக்கழிப்பது கடினம்.

எல்லா ஷெட்டும் ஒன்றா?

இல்லை. இந்த இடத்தில்தான் தெருச் சண்டைகள் பெரும்பாலும் தடம் மாறுகின்றன. பஞ்சர் ஒட்டும் கடை, டூவீலர் மெக்கானிக், கார் வாட்டர் சர்வீஸ், டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறை ஆகிய நான்கையும் 'மெக்கானிக் ஷெட்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மாதிரி எதிர்ப்பதில் அர்த்தம் இல்லை. அவை தரும் தொந்தரவு ஒரே மாதிரியானது அல்ல.

பழைய என்ஜின் ஆயிலை எடுத்துக்கொள்வோம். ஒரு பைக்கில் ஏறக்குறைய 1 லிட்டர், சாதாரணக் காரில் 3 முதல் 4 லிட்டர் வடியும். ஒரு முறை ஆயில் மாற்றும்போது வெளியேறும் எண்ணெயே 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிடக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. எஞ்சின் தேய்மானத்தால் உலோகத் துகள்களும், எரிந்த எரிபொருளின் எச்சங்களும் கலந்த கறுப்பு எண்ணெய் அது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் பயன்படுத்திய எண்ணெய் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வருவதால் பெரும்பாலான மெக்கானிக்குகள் பழைய ஆயிலை வீணாகக் கொட்டுவதில்லை. கேனில் பிடித்து வைத்து விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவரிடம் அங்கீகாரம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். தரையில் சிந்தியது, துணியில் துடைத்தது, பாகங்களைக் கழுவிய மண்ணெண்ணெய், இவைதான் மண்ணுக்குள் போகின்றன.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் இடத்தில் சிக்கல் இன்னும் பெரிது. எண்ணெயும் சோப்பும் சேறும் கலந்த நீர் மழைநீர் வடிகாலுக்குப் போனால், சென்னையில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேரே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று போய்ச் சேரும். தெருவில் வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்கும் பகுதியில் மண்ணில் ஊறினால் பாதிப்பு இன்னும் கிட்டத்தில். கழிவு நீரை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விடுகிறார்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சத்தம் காதில் விழும். போர்வெல்லுக்குள் போவது தெரியாது. அதனாலேயே மனுக்களில் இது கடைசி வரியாக வருகிறது.

பெயிண்டிங்குக்கு வருவோம். பட்டி பார்த்துத் தேய்க்கும்போது பறக்கும் தூசி ஒரு பக்கம். தின்னரில் டொலுவின், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அந்த வாசனைதான் நாலு வீடு தள்ளியும் தலைவலி தருவது. இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் கார் பெயிண்டில், கடினமாக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக மருத்துவ உலகம் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மூடிய அறை, காற்றை வடிகட்டி வெளியேற்றும் விசிறி இல்லாமல் தகரக் கூரைக்குக் கீழே திறந்தவெளியில் அடித்தால், முதல் பாதிப்பு எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அல்ல. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடித்து நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு. அவன் பெயரில் யாரும் மனு கொடுப்பதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில் வாகனப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு, பெயிண்டிங் ஆகியவை 'ஆரஞ்சு' வகையில் வைக்கப்பட்டன. அதிக மாசு தரும் சிவப்புக்கு அடுத்த படி. இப்படிப்பட்ட தொழில் தொடங்குவதற்கு முன் நிறுவ இசைவாணை, பிறகு இயக்க இசைவாணை என்று 1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படியும், 1981-ம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டப்படியும் மாநில வாரியத்திடம் வாங்க வேண்டும். தெருவோரப் பட்டறைகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சத்தத்துக்கு அளவு உண்டா?

உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழில் பகுதிக்கு 75, 70. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் என்று கணக்கு. இந்த அளவை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினால் புகார் கொடுக்கலாம். இரவு 10 மணிக்கு மேல் என்றால் நிலைமை இன்னும் கறார்.

கிரைண்டிங் மிஷின் பக்கத்தில் நின்றால் 95 டெசிபலை எட்டுவது சாதாரணம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆக, 1 மீட்டரில் 95 என்றால், 8 மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலில் 77. குறுகிய தெருவில் இரண்டு பக்கமும் சுவர் என்றால் அவ்வளவுகூடக் குறையாது. ஆனால், அரசு அளவு என்பது ஒரு நொடியின் சத்தம் அல்ல, குறிப்பிட்ட நேரத்தின் சராசரி. ஒரு நாளில் பத்து நிமிடம் ஓடும் கிரைண்டர் சராசரியில் கரைந்துபோகலாம். செல்போன் ஆப்பில் எடுத்த அளவை அதிகாரி அப்படியே ஏற்க மாட்டார். அதைவிடப் பயன்படுவது ஒரு நோட்டு: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, என்ன வேலை என்று இரண்டு மூன்று வாரம் எழுதி வைத்தது. கூடவே தேதி தெரியும்படி வீடியோ இருந்தால் நல்லது.

மனுவை எங்கே கொடுப்பது?

எல்லா இடத்திலும் ஒரே மனுவைக் கொடுப்பது வழக்கம். அதுதான் தவறு. ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதுபோல. திட்ட அனுமதி பற்றியது சிஎம்டிஏ அல்லது திட்டக் குழுமத்தின் அமலாக்கப் பிரிவுக்கு. உரிமம் பற்றியது மண்டல அலுவலகத்துக்கு. சென்னையில் 1913 எண்ணிலும் பதிவு செய்யலாம். ஆயில், பெயிண்ட், கழிவுநீர் பற்றியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. ரிப்பேருக்கு வந்த வண்டிகள் தெருவை அடைத்து நின்றால் போக்குவரத்து போலீஸுக்கு. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஒவ்வொன்றிலும் அந்தந்த விஷயம் மட்டும், பெறுகை ரசீதுடன்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடு செய்யும் தொழிலை நிறுத்தவோ, ஒழுங்குபடுத்தவோ, வேறிடத்துக்கு மாற்றவோ நிர்வாக நடுவர் உத்தரவிட முடியும். எதிர்த்தரப்பு வந்து விளக்கம் சொல்ல வாய்ப்பும் உண்டு. கோவிந்த் சிங் எதிர் சாந்தி சரூப் வழக்கில், ஒரு பேக்கரியின் அடுப்பும் புகைபோக்கியும் சுற்றியிருந்தவர்களுக்குத் தந்த தொல்லை உச்ச நீதிமன்றம் வரை போனது. இடத்தை நேரில் பார்த்த நடுவரின் கருத்தையே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1980-ல் வந்த ரத்லாம் நகராட்சி வழக்கு இன்னும் பிரபலம். சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த ஒரு வார்டு மக்கள் இதே பிரிவில்தான் போனார்கள். காசு இல்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்று தீர்ப்பானது. வக்கீல் வைத்து ரிட் மனு போடுவதற்கு முன் முயற்சி செய்ய வேண்டிய வழி இது.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நீர், காற்று, கழிவு சம்பந்தப்பட்ட விதிமீறலுக்கு அங்கே போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் என்று கெடு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டுப் போனால் முதல் கேள்வியே தாமதம் பற்றித்தான் இருக்கும்.

மெக்கானிக் எங்கே போவார்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் கதை பாதிதான். பைக் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில்தான் மெக்கானிக் வேண்டும். அப்படி ஒருவர் தெருமுனையில் இருப்பதை எல்லோரும் விரும்புகிறார்கள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மெயின் ரோட்டில் வணிகப் பகுதியில் கடை பிடிக்கலாமே என்றால், அங்கே கேட்கும் அட்வான்ஸும் வாடகையும் நகைக்கடைக்கும் செல்போன் ஷோரூமுக்கும் கட்டுபடியாகும். இரண்டு பையன்களை வைத்து ஓட்டும் ஷெட்டுக்கு ஆகாது. தொழிற்பேட்டையில் இடம் எடுத்தால் வாடிக்கையாளர் வர மாட்டார். நம் ஊர் முழுமைத் திட்டங்கள் பெரிய தொழிலுக்கு இடம் ஒதுக்குகின்றன, பூங்காவுக்கு ஒதுக்குகின்றன. தெருமுனைப் பட்டறைக்கு எங்கே இடம் என்று யோசித்ததற்கான அடையாளம் அவற்றில் குறைவு. அதனால் அது உட்தெருவுக்குள் வாடகை குறைந்த மனையைத் தேடி வருகிறது.

இதில் அதிகம் நஷ்டப்படுவதும் அவர்தான். கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுத்து, கம்ப்ரஸர் வாங்கிப் போட்ட பிறகு பூட்டுப் போட்டால், மனைக்காரர் அடுத்த வாடகைதாரரைப் பார்த்துக்கொள்வார். ஷெட் போட நினைப்பவர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், 'இந்த இடத்தோட அப்ரூவல் பிளானைக் காட்டுங்க, லேண்ட் யூஸ் என்னன்னு சொல்லுங்க' என்று கேட்பது தெருக்காரர்களைவிட அவருக்குத்தான் அவசியம். மனைக்காரர் மழுப்பினால் வேறு இடம் பார்ப்பது புத்திசாலித்தனம். நோட்டீஸ் வந்துவிட்டால், 56, 57 பிரிவுகளின் நடவடிக்கைக்கு எதிராக 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிட வழி இருக்கிறது.

ஒட்டுமொத்தமாகப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை டெல்லி 2006-ல் பார்த்தது. குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி நடக்கும் வணிகத்துக்கு சீல் வைக்க அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான கடைகள் சிக்கின. செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தில் உயிர்ப்பலிகள் நேர்ந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான டெல்லி 2021 முழுமைத் திட்டம், கலப்புப் பயன்பாட்டுத் தெருக்கள் என்று பல தெருக்களை அங்கீகரித்தது. ஆனால், அதிலும் வாகனப் பழுதுபார்ப்பைத் தடைப் பட்டியலில் வைத்துவிட்டு ஒரு விலக்கு தந்தார்கள்: வணிக அல்லது கலப்புப் பயன்பாட்டுத் தெருவாக இருந்து, சாலையின் அகலம் 30 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பட்டறை நடத்தலாம். குறுகிய தெருவில் கூடாது, அகலச் சாலையில் சரி. முழுத் தீர்வு இல்லைதான். ஆனாலும், எங்கே கூடாது என்பதோடு எங்கே கூடும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

சட்டப் பிரிவுகளைத் தேடுவதற்கு முன் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளும் வழியும் உண்டு. பெயிண்டிங்கும் வாட்டர் சர்வீஸும் இங்கே கிடையாது. கிரைண்டிங், வெல்டிங் காலை 9 முதல் மாலை 6 வரை. ஞாயிற்றுக்கிழமை சத்தமுள்ள வேலை இல்லை. மனைக்கு வெளியே வண்டி நிற்காது. ஆயில் கேனுக்குக் கீழே தட்டு, தரைக்கு சிமென்ட். இந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளும் டூவீலர் மெக்கானிக்கை விரட்டுவதால் தெருவுக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று, தெருக்காரர்கள் சம்மதிப்பதாலேயே அனுமதி இல்லாத பயன்பாடு சட்டப்படி சரியாகிவிடாது. புதிதாகக் குடிவரும் யாரும் நாளை மறுபடி கேட்கலாம். அதனால், ஒப்புக்கொண்ட கையோடு உரிமத்துக்கும் இசைவாணைக்கும் விண்ணப்பிக்கச் சொல்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறை என்றால் இந்த ஏற்பாடு பொருந்தாது. மூடிய அறையும் வடிகட்டியும் இல்லாமல் வீடுகளுக்கு நடுவே அதற்கு இடமில்லை.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கானது. 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்தின் வேலைகளை சிஎம்டிஏ தொடங்கியிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டதால், இதுவரை கிராமம் என்றிருந்த பல ஊர்களின் தெருக்களும் அந்த எல்லைக்குள் வந்திருக்கின்றன. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் எழுத்து மூலம் ஆட்சேபனையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்று 1971 சட்டம் சொல்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் எழுதலாம். மெக்கானிக் சங்கங்களும் எழுதலாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால்தான் அது எந்தத் தெரு என்று அங்கே தெரியும்.